பதினான்கு நாள் தாண்டிய மஞ்சள்

"பச்சப்புள்ளைக்கு மஞ்சள் வர்றது சகஜம். காலை வெயில்ல காட்டு, தானா இறங்கிடும்." குழந்தை பிறந்த வீட்டில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. பாட்டி சொல்கிறார், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். பல இடங்களில் மருத்துவரே சொல்லி அனுப்புகிறார். முதல் இரண்டு வாரத்துக்கு இந்தப் பேச்சில் பெருமளவு உண்மை இருக்கிறது. மூன்றாவது வாரத்திலும் நான்காவது வாரத்திலும் இதையே சொல்லிக்கொண்டிருப்பதால் சில குழந்தைகளின் கல்லீரல் மீட்க முடியாதபடி கெட்டுப்போகிறது. பழகிப்போன, ஆறுதலான பேச்சு என்பதால் யாரும் இதை எதிர்த்துக் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும்.

உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கும், குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். கருவில் இருந்தபோது தேவைப்பட்ட மிகுதியான சிவப்பணுக்கள் பிறந்தபின் உடைகின்றன. அவற்றிலிருந்து வரும் பிலிருபினை வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரல் இன்னும் முதிரவில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி, நான்கைந்து நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். இந்த முதல் வாரத்திலும் விதிவிலக்கு உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பானது கிடையாது. தாய்க்கும் சேய்க்கும் இரத்தப் பிரிவு ஒத்துப்போகாமை போன்ற காரணங்களைத் தேடவேண்டும், அளவு ஏறினால் மூளையைத் தாக்கும். இதை நம் மருத்துவமனைகள் நன்றாகவே அறிந்திருக்கின்றன. லைட்டில் வைக்கிறார்கள், இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். என் சண்டை அதற்குப் பிந்திய வாரங்களோடு.

வெயிலைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் இந்த நம்பிக்கையின் அச்சாணி அதுதான். அது மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நியாயமாகாது. இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில், 1956இல், ஜீன் வார்ட் என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். வெயில் பட்ட இடத்தில் தோல் வெளுத்து, துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருப்பதை அவர்தான் மருத்துவர்களுக்குக் காட்டினார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்த ஆய்வை கிரீமரும் அவருடைய சகாக்களும் 1958இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இன்று எல்லாப் பிரசவ மருத்துவமனைகளிலும் எரியும் நீல விளக்கின் தொடக்கம் அங்கேதான். நைஜீரியாவின் லாகோஸில் புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தடுக்கும் சிறப்புப் படலத்தின் கீழ் குழந்தைகளை மணிக்கணக்கில் வெயிலில் வைத்து, பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருந்து கண்காணித்து, அது பலன் தருவதை 2015இல் நிறுவினார்கள். நம் வீட்டில் நடப்பது வேறு. சட்டை போட்ட குழந்தையை வாசலில் பத்து நிமிடம் தூக்கிப் பிடிக்கிறோம். அதற்கு அளவும் இல்லை, கணக்கும் இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. வெயிலோ நீல விளக்கோ ஒரே ஒரு வகை மஞ்சளைத்தான் குறைக்கும். இன்னொரு வகையை அது தொடக்கூட முடியாது.

கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பிலிருபின் இரத்தத்தில் மிகுந்தால் வருவது ஒரு வகை. வெளிச்சத்துக்குக் கரைவது அதுதான். கல்லீரல் தன் வேலையை முடித்துப் பித்தத்தில் கலந்து அனுப்பிவிட்டது, ஆனால் போகும் வழி அடைபட்டதால் அது திரும்ப இரத்தத்தில் ஏறுகிறது என்றால் அது இரண்டாவது வகை. ஆய்வகச் சீட்டில் அதை 'டைரக்ட் பிலிருபின்' என்று அச்சிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் மஞ்சள்தான். எவ்வளவு அனுபவப்பட்ட கண்ணானாலும் தோலைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது. டைரக்ட் அளவு 1 மில்லிகிராமைத் தாண்டினால் காரணம் தேடியாகவேண்டும் என்பது குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவர்களின் விதி. "டோட்டல் எட்டுதான் இருக்கு, பயமில்லை" என்று முதல் எண்ணை மட்டும் பார்த்துச் சீட்டை மடித்துவிடுகிறார்கள். டோட்டல் எட்டில் டைரக்ட் ஐந்து இருந்தால் அந்தக் குழந்தைக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வகைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் அறுவை மருத்துவருக்கு உரியது பித்தநாள அடைப்பு, அதாவது பிலியரி அட்ரீசியா. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் அழன்று, சுருங்கி, நாராகிப்போகின்றன. மடை அடைபட்ட வயலில் தேங்கும் தண்ணீர் பயிரை அழுகவைப்பதுபோல, வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலைத் தழும்பாக்குகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாவது வயதைத் தாண்டுவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் அந்தக் குழந்தை முதல் வாரங்களில் நோயாளிபோல் இருக்காது. பால் நன்றாகக் குடிக்கும், எடை ஏறும், முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். "புள்ள கொழுகொழுன்னு இருக்கே, இதுக்கென்ன குறை" என்று சொல்லத் தோன்றுவது இயற்கை. அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. பித்தம் குடலுக்கு வராததால் மலம் நிறமிழந்து வெளுக்கும். சுண்ணாம்பு வெள்ளை, களிமண் நிறம், சாயம் போன வெளிர்மஞ்சள், இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். சிறுநீரோ அடர்ந்து துணியில் மஞ்சள் கறை விடும். பச்சிளங்குழந்தையின் சிறுநீர் கிட்டத்தட்ட நிறமற்றதாக இருக்கவேண்டும், துணியில் கறை படியக்கூடாது. இந்த இரண்டையும் பார்க்க மருத்துவப் படிப்பு வேண்டாம். துணி துவைக்கும் பாட்டிக்கு எந்த மருத்துவருக்கும் முன்னால் தெரியக்கூடிய விஷயம். ஆனால் அதைப் பார்க்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பித்தம் இல்லாமல் வைட்டமின் கே உடலில் சேராது. அதனால் சில குழந்தைகள் மஞ்சளுக்காக மருத்துவமனைக்கு வருவதே இல்லை. மூளையில் இரத்தக் கசிவோடு வருகிறார்கள்.

செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரியோ கசாய் 1950களில் இதற்கு ஒரு அறுவை சிகிச்சையைக் கண்டார். நாராகிப்போன குழாய்களை வெட்டியெடுத்து, சிறுகுடலின் ஒரு வளைவை மேலே கொண்டுவந்து, கல்லீரலின் வாசலிலேயே இணைத்துவிடுவது. 1959இல் ஜப்பானிய மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் 1968இல் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான இத்தகைய குழந்தைகளை "சரிசெய்ய முடியாதவை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கசாயின் வழி பலன் தருவதும் தராததும் பெரிய அளவுக்கு நாட்களைப் பொறுத்தது. 60 நாளுக்குள் செய்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு குழந்தைகளுக்குப் பித்தம் ஓடத் தொடங்குகிறது. 90 நாள் கடந்துவிட்டால் நான்கில் ஒன்றுக்குக்கூட அந்த வாய்ப்பு இல்லை. இந்திய மருத்துவமனைகள் வெளியிடும் அறிக்கைகளில் திரும்பத் திரும்பக் காண்பது, 60 நாளைத் தாண்டி, பலர் 90 நாளையும் தாண்டி வந்து சேர்கிறார்கள் என்பதுதான். அந்த நாட்கள் எங்கே போயின என்று கேட்டால் வெயிலில், கீழாநெல்லியில், மந்திரிப்பில், "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்பதில் போயிருக்கும்.

நம்மூர் நம்பிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு. மஞ்சள் காமாலை என்றால் அது வைரஸ், வைரஸ் வந்தால் பத்தியம் இருந்தால் போதும், தானே போகும். பெரியவர்களுக்கு வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் அப்படித்தான், சில வாரங்களில் தானாகவே குணமாகும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்ச்சேரும். கீழாநெல்லியின் புகழ் பெரும்பகுதி அங்கே சம்பாதித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்'டில் கீழாநெல்லி பற்றி எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அது ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாள் சுமப்பவர்களிடம் நடந்த ஆய்வு. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வுக்கும், மூன்று வாரக் குழந்தையின் அடைபட்ட பித்தநாளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழாயே இல்லாத இடத்தில் இலைச்சாறு வழி உண்டாக்காது. வயிற்றில் சூடு போடுவது பற்றி நான் விவாதிக்கவே விரும்பவில்லை, அது குழந்தையைச் சித்திரவதை செய்வது.

படித்தவர்கள் வீட்டில் இதே நம்பிக்கை ஆய்வகச் சீட்டின் வடிவில் வருகிறது. மஞ்சள் இறங்காத குழந்தைக்கு, கருவில் தொற்றும் கிருமிகளைத் தேடும் 'டார்ச்' பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள். சைட்டோமெகலோ வைரஸுக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று வருகிறது. "வைரஸ் தொற்று, அதனால்தான் மஞ்சள்" என்று முடிவாகிவிடுகிறது. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே இந்தத் தொற்று வந்துபோயிருக்கும். அதன் எதிர்ப்புப் புரதமான ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்திருக்கும். அந்தச் சீட்டு சொல்வது தாயின் பழைய வரலாற்றை, குழந்தையின் இன்றைய நோயை இல்லை. கருவிலேயே தொற்றியதா என்று அறிய, பிறந்த மூன்று வாரத்துக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனை செய்யவேண்டும். அதற்குப் பின் எடுத்தால் தாய்ப்பால் வழியாகப் பிற்பாடு வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரிக்க முடியாது.

சரி, உண்மையிலேயே வைரஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பித்தநாள அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. லாண்டிங் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1974இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் அழற்சியும் பித்தநாள அடைப்பும் தனித்தனி நோய்களாக இல்லாமல், ஒரே அழற்சியின் இரு முனைகளாக இருக்கலாம் என்பது அது. எலிக்குஞ்சுகளுக்குக் குரங்கின் ரோட்டா வைரஸைச் செலுத்தினால் பித்தநாளம் அடைபடுகிறது என்பதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. மனிதக் குழந்தைகளில் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் பித்தநாள அடைப்போடு சைட்டோமெகலோ வைரஸின் அண்மைத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம்மும் பாசிட்டிவாக இருக்கும் குழந்தைகளுக்குக் கசாய் சிகிச்சையின் பலன் குறைவாக இருப்பதை லண்டன் அறுவை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் வைரஸ் தென்பட்ட குழந்தையை இன்னும் விரைவாகப் பார்க்கவேண்டும். நாம் தலைகீழாக, வைரஸ் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்துகிறோம்.

வைரஸ் தானே போகும் என்பதே பச்சிளங்குழந்தையின் விஷயத்தில் ஆபத்தான பேச்சு. பிரசவத்தின்போதோ, உதட்டில் கொப்புளத்தோடு ஒருவர் முத்தமிட்டதாலோ ஹெர்பிஸ் தொற்றினால், அது உடல் முழுதும் பரவிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம். அப்படிப் பரவிய குழந்தைகளில் பெரும்பாலோர் மருந்தில்லாமல் விட்டால் இறந்துபோவார்கள். அசைக்ளோவிர் ஊசியைச் சந்தேகம் வந்த உடனே தொடங்கவேண்டும், சோதனை முடிவுக்குக் காத்திருக்கக்கூடாது. கருவில் வந்த சைட்டோமெகலோ தொற்று காதைச் செவிடாக்கலாம். அறிகுறியோடு பிறந்தவர்களுக்கு ஆறு மாதம் வால்கான்சைக்ளோவிர் கொடுத்தால் கேட்கும் திறனில் பலன் உண்டு, அதையும் முதல் மாதத்துக்குள் தொடங்கவேண்டும். காத்திருப்பது எந்தப் பக்கமும் நியாயமாகவில்லை.

நாட்கள் தவறிப்போவதற்கு நம் பிள்ளைப்பேற்று வழக்கமும் ஒரு காரணம். தாய் பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். பிரசவம் பார்த்த மருத்துவமனை ஓர் ஊர், குழந்தை வளர்வது வேறு ஊர். தீட்டு என்றும் கண்ணேறு என்றும் ஒரு மாதம்வரை குழந்தையை வெளியே எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்த அறை, மேலே கடலைமாவும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டிய உடம்பு. மாநிறக் குழந்தையின் தோலில் மஞ்சளைக் கண்டுபிடிப்பதே கடினம், வெள்ளை விழியைத்தான் பார்க்கவேண்டும். பாட்டிமார்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் கை படாமல் நம்மில் யாரும் வளரவில்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிய மருத்துவமனைகளைத்தான் குற்றம் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் "வெயிலில் காட்டவும்" என்று எழுதத் தெரிந்த கைக்கு, "14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் டைரக்ட் பிலிருபின் பார்க்கவும், மலம் வெளுத்தால் அன்றே வரவும்" என்று இன்னொரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

இதற்கு மூன்று மறுப்புகள் வருவதுண்டு.

அபூர்வமான நோய், இதற்காக எல்லாத் தாயையும் பயமுறுத்தலாமா என்பது முதலாவது. மேற்கு நாடுகளில் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றும், தைவானில் 5,000 முதல் 6,000க்கு ஒன்று என்றும் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. குறைந்த விகிதத்தை வைத்துக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு நாற்பத்தைந்து குழந்தைகள், தைவான் விகிதம் என்றால் நூற்றைம்பதைத் தாண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகள் சிலருக்கும் மூன்று, நான்கு வாரம்வரை மஞ்சள் நீடிக்கும் என்பது உண்மை. அவர்களுக்குத் தேவை ஒரே ஒருமுறை குத்தி எடுக்கும் இரத்தம். டைரக்ட் இயல்பாக இருந்தால் தாய் நிம்மதியாகப் பால் கொடுக்கலாம், பாலை நிறுத்தச் சொல்லும் அறிவுரைக்கும் அவசியமிருக்காது. மலத்தைப் பார்க்கச் செலவே இல்லை.

பிறந்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்பது இரண்டாவது. டெக்சஸ் மருத்துவர்கள் பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளின் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது, பிறந்த முதல் இரண்டு நாளிலேயே டைரக்ட் அளவு சற்றே உயர்ந்திருந்தது தெரிந்தது. சிறிய எண் என்று யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை.

மூன்றாவதுதான் இப்போது அடிக்கடி கேட்பது. கல்லீரல் மாற்று சிகிச்சை வந்துவிட்டதே, கசாய்க்கு ஏன் இந்த அவசரம்? மாற்று சிகிச்சையின் பெருமையை நான் குறைக்கமாட்டேன். இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று 1998இல் டில்லியில் நடந்தது. அது காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, பித்தநாள அடைப்போடு பிறந்த ஒன்றேமுக்கால் வயதை நெருங்கிய குழந்தைக்கு. அப்பா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இன்று கல்லீரல் மாற்றுக்கு இடமுண்டு. ஆனால் நான்கு கிலோ குழந்தைக்கு மாற்று செய்வதும் பத்து வயதில் செய்வதும் ஒன்றாகாது. கொடுப்பவர் பொருந்தவேண்டும், வாழ்நாள் முழுதும் எதிர்ப்பை அடக்கும் மருந்து விழுங்கவேண்டும், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அஞ்சவேண்டும். நேரத்தோடு செய்த கசாய் அந்த நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. தன் சொந்தக் கல்லீரலோடு நடுவயதை எட்டியவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். எல்லாருக்கும் அது வாய்க்காது, கசாய் செய்தும் பிறகு மாற்று தேவைப்படுபவர்கள் நிறைய. அந்த வாய்ப்பைக்கூட ஒரு குழந்தையிடமிருந்து "தானா இறங்கிடும்" என்று சொல்லிப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை.

செய்யமுடியுமா என்ற கேள்விக்குத் தைவான் விடை சொல்லிவிட்டது. மலத்தின் நிறங்களைப் படமாக அச்சிட்ட ஓர் அட்டையை 2002இல் சோதனையாகத் தொடங்கி, 2004இல் நாடு முழுதும் ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுத்தார்கள். அதற்குமுன் பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளில் ஐந்து வயதுவரை உயிரோடு இருந்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல். அட்டை வந்தபின் அது பத்தில் ஒன்பதை நெருங்கியது. ஜப்பான் 1990களில் ஒரு மாவட்டத்தில் தொடங்கி, 2012 முதல் நாடெங்கும் தாய்சேய் கையேட்டில் இந்த நிறப்படத்தைச் சேர்க்கச் செய்துவிட்டது. செலவு, ஒரு காகிதம்.

நம்மிடம் ஆள் இல்லையா? வீடு தேடிவந்து பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்தின் நாட்களே 3, 7, 14, 21, 28, 42 என்று வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டிய பதினான்காம் நாளும் அதற்குப் பிந்திய வாரங்களும் அதற்குள் இருக்கின்றன. அதையும் தவறவிட்டால் 45 நாள் ஊசி இருக்கிறது. அன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறது, 60 நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருக்கிறது. ஊசி போடும் செவிலியர் "மோஷன் என்ன கலர்ல போகுது?" என்று கேட்டு, நிறப்படத்தைக் காட்டி, சந்தேகம் வந்தால் அன்றே அனுப்பவேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சிஎம்சியிலும் குழந்தை அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாற்பத்தைந்தாம் நாளில் போய்ச் சேரும் குழந்தைக்கும் தொண்ணூற்றைந்தாம் நாளில் போய்ச் சேரும் குழந்தைக்கும் கிடைப்பது ஒரே சிகிச்சையாக இருக்காது.

பொது சுகாதாரத் துறை இந்த நிறப்படத்தை ஒவ்வொரு தாயின் கைக்கும் கொண்டுசேர்த்து, 45 நாள் ஊசியன்று அதைப் பார்ப்பதைக் கட்டாயமாக்கவேண்டும். அதுவரை, இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்து பதினான்கு நாள் தாண்டிய குழந்தையின் கண்ணில் மஞ்சளைப் பார்த்தால், மலம் மஞ்சளாகவே போனாலும், வெயிலைச் சொல்லாதீர்கள். டைரக்ட் பிலிருபின் எவ்வளவு என்று கேளுங்கள். மலம் வெளுத்திருந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம், அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.